பிறன் என்பவன் யார்? சமயங்களின் பொது அறம் பற்றி வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட இலங்கையின் வன்னிப் பகுதியில், முல்லைத்தீவு மாவட்டத்துப் பாடசாலை ஒன்றில் நீண்டகாலம் சைவநெறி படிப்பித்தேன். சமய பாடத்துக்கு மணி அடித்ததும் வகுப்பு மூன்றாகப் பிரியும். சைவப் பிள்ளைகள் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகள் மண்டபத்துக்குப் போவார்கள். இஸ்லாம் படிக்கிற நாலைந்து பேர் வேப்பமரத்தடிக்கு. பாடம் முடிந்து கணக்குக்கு எல்லோரும் திரும்பி வந்து ஒரே வாங்கில் இருப்பார்கள். “அங்கை என்ன படிப்பிச்சவை?” என்று தங்களுக்குள் விசாரித்துவிட்டு, பிறகு என்னிடம் வந்து கேட்ட கேள்விகள்தான் இதில் பாதி. மீதி, பெற்றோரும் வாசிகசாலைக்கு வருகிறவர்களும் கேட்டவை. பதில்கள் என்னுடையவை. எந்தச் சபைக்கும் நான் பேச்சாளன் இல்லை.

எல்லாச் சமயமும் ஒன்றைத்தானே சொல்கின்றன?

இல்லை. மேடையில் இதைச் சொன்னால் கைதட்டு விழும், வகுப்பில் சொன்னால் ஒரு பிள்ளை எழும்பி, “அப்ப ஏன் சேர் மூண்டு வகுப்பு?” என்று கேட்கும். கடவுள் எப்படிப்பட்டவர், உயிர் மறுபடி பிறக்குமா, செத்தபின் என்ன என்பவற்றில் சமயங்கள் ஒத்துப்போகவில்லை. உலகைப் படைத்த கடவுளைப் பௌத்தம் ஏற்பதில்லை. எங்களுக்குத் திருவுருவம் இல்லாமல் பூசை இல்லை. இஸ்லாத்தில் அதுவே விலக்கு. மதுவைப் பௌத்தத்தின் பஞ்சசீலமும் குறளும் இஸ்லாமும் தள்ளிவைக்க, கத்தோலிக்கத் திருப்பலியின் நடுவில் திராட்சை இரசம் இருக்கிறது.

ஒத்துப்போகிற இடம் வேறு. அது மனிதர் மனிதரோடு நடந்துகொள்கிற இடம். கொல்லாதே, களவெடுக்காதே, பொய் சொல்லாதே, பிறன்மனை நோக்காதே. மோசேயின் பத்துக் கட்டளைகளின் பின்பகுதி, பஞ்சசீலத்தின் முதல் நான்கு, யோக சூத்திரம் சொல்லும் இயமம் என்ற ஒழுக்கங்கள், குறளின் அதிகாரத் தலைப்புகள் ஆகியவற்றைக் கரும்பலகையில் பக்கத்துக்குப் பக்கம் எழுதிக் காட்டினேன். ஒரு பொடியன் சொன்னான்: “சேர், ஒராளைப் பாத்து ஒராள் கொப்பியடிச்சிருக்கினம்.” கொப்பியடித்ததாக எனக்குத் தெரியவில்லை. பத்துக் குடும்பம் ஒரு குளத்தை நம்பி வயல் செய்யும் ஊரில் இந்த நான்கும் இல்லாமல் ஒரு போகம்கூடத் தாண்டாது. எந்த நாட்டு ஊருக்கும் அதே கதைதான்.

எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு விதி இருக்கிறது என்கிறார்களே, அது என்ன?

உனக்கு எது நோகுமோ அதை மற்றவனுக்குச் செய்யாதே. குறளில் இது 316ஆவது:

“இன்னா எனத்தான் உணர்ந்தவை துன்னாமை
வேண்டும் பிறன்கண் செயல்.”

சீனத்தில் கன்பூசியசிடம் அவருடைய சீடர், வாழ்நாள் முழுக்கக் கடைப்பிடிக்க ஒரே சொல் உண்டா என்று கேட்டபோது அவர் சொன்னதும் இதுதான். யூதர்களிடம் ஒரு கதை உண்டு. வேற்றினத்தான் ஒருவன் ஷம்மாய் என்ற அறிஞரிடம் போய், “நான் ஒற்றைக் காலில் நிற்கிற நேரத்துக்குள் உங்கள் வேதம் முழுவதையும் படிப்பியுங்கள்” என்றான். அவர் கையிலிருந்த அளவுகோலால் அவனை விரட்டிவிட்டார். அவன் ஹில்லேல் என்ற இன்னொரு அறிஞரிடம் போனான். அவர், “உனக்கு வெறுப்பானதைப் பிறனுக்குச் செய்யாதே. வேதம் இவ்வளவுதான், மிச்சமெல்லாம் உரை. போய்ப் படி” என்றார். கதையைச் சொல்பவர்கள் கடைசியில் வருகிற “போய்ப் படி” என்பதை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும்.

இவை மூன்றும் “செய்யாதே” என்று சொல்கின்றன. இயேசு அதைத் திருப்பி, மற்றவர் உங்களுக்கு எதைச் செய்ய வேண்டும் என்று விரும்புகிறீர்களோ அதை அவர்களுக்குச் செய்யுங்கள் என்கிறார் (மத்தேயு 7:12). தனக்கு விரும்புவதைத் தன் சகோதரனுக்கும் விரும்பாதவரை ஒருவர் உண்மையான நம்பிக்கையாளர் ஆகமாட்டார் என்பது நபிமொழி. புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு நபிமொழித் தொகுப்புகளிலும் உண்டு. பௌத்தரின் தம்மபதம் 129, 130: எல்லோரும் தண்டனைக்கு நடுங்குகிறார்கள், தன்னை மற்றவர் இடத்தில் வைத்துப் பார், கொல்லாதே, கொல்லவும் தூண்டாதே.

எது மேல், “செய்” என்பதா, “செய்யாதே” என்பதா? “செய்” என்பது பெரிய மனசு. ஆனால் எனக்குப் பிடித்தது அவனுக்கும் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டு அவன் தலையில் கட்டுகிற ஆபத்து அதில் உண்டு. 2009இல் போர் முடிந்த பிறகு எங்கள் பக்கம் வந்து இறங்கிய உதவிகளைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். வேலி அடைக்கக் கம்பி கேட்டவனுக்குத் தையல் மெசின் கிடைத்தது.

சரி, இந்த விதி எல்லோருக்கும் தெரியும். பிறகேன் இவ்வளவு அநியாயம்?

விதியில் பிழை இல்லை. “பிறன்” என்ற சொல்லுக்குள் யாரைச் சேர்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

“வந்தாரை வாழவைக்கும் வன்னி” என்று பெருமையாகச் சொல்லுவோம். பொய்யில்லை. 1958இலும் 1977இலும் கலவரங்களுக்குத் தப்பி மலையகத்திலிருந்து வந்தவர்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறினார்கள். ஆனால் அவர்களை எத்தனை வருடம் “தோட்டக்காட்டான்” என்று சொன்னோம்? எத்தனை பேர் இன்னும் காணி உறுதி இல்லாமல் மற்றவன் வயலில் கூலிக்கு நிற்கிறார்கள்? அவர்களும் நாங்களும் ஒரே திருநீறு பூசுகிறவர்கள். சமயம் ஒன்றாக இருந்தாலே இந்த விதியின் “பிறன்” என்ற சொல்லுக்குள் சேர்ந்துவிட முடியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அப்புறம் 1990 ஒக்ரோபர். வடக்கிலிருந்த முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். சில இடங்களில் மணிக்கணக்கு, சில இடங்களில் நாள்கணக்கு, அவ்வளவுதான் அவகாசம். ஏறத்தாழ 75,000 பேர். மன்னாரிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் போனவர்களில் பெரும்பாலானோர் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் ஒரு தலைமுறையை வளர்த்தார்கள். அந்த நாளில் எங்கள் ஊர்களில் குறள் படித்தவர்கள் இல்லையா? பைபிள் வாசித்தவர்கள் இல்லையா? இருந்தோம். பயமும் இருந்தது, உண்மைதான். ஆனால் பயத்தோடு சேர்ந்து, “அது அவையின்ர பிரச்சினை” என்கிற எண்ணமும் இருந்தது. அந்த “அவை” என்ற சொல்லைத்தான் நான் சொல்கிறேன்.

வேதங்களைப் படித்தவர்கள் இந்த ஓட்டையை முன்பே கண்டிருக்கிறார்கள். “அயலான் யார்?” என்று ஒரு சட்டம் தெரிந்தவர் கேட்டபோதுதான் இயேசு நல்ல சமாரியன் கதையைச் சொன்னார். அடிபட்டுக் கிடந்தவனைத் தன் ஆட்கள் இருவர் பார்த்தும் விலகிப் போக, யூதர் ஒதுக்கி வைத்த சமாரியன் ஒருவன் காயம் கட்டுகிறான். நபிமொழியில் வரும் “சகோதரன்” யார் என்பதிலும் உரைகாரர் பலவிதம். மனிதர் எல்லோரையும் அதற்குள் அடக்கியவர்களும் உண்டு. லேவியராகமம் 19ஆம் அதிகாரம் இன்னும் நேராகப் பேசுகிறது: உன்னோடு தங்கியிருக்கும் அந்நியனை உன்னைப்போல நேசி, ஏனென்றால் நீங்களும் எகிப்தில் அந்நியராக இருந்தீர்கள். போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமின் கூடாரத்தில் இருந்து வந்தவனுக்கு இந்த “ஏனென்றால்” விளங்காமல் போகாது.

தானதர்மத்தில் சமயங்கள் ஒத்துப்போகின்றனவா?

ஒத்துப்போவது மட்டுமில்லை, கணக்கும் வைத்திருக்கின்றன. இந்தக் கேள்வியை வயல்காரரோடு கதைப்பது எனக்கு மிகவும் விருப்பம்.

இஸ்லாத்தில் சேர்ந்த செல்வத்துக்கு ஆண்டுக்கு இரண்டரை வீதம் ஸக்காத் என்ற கட்டாயக் கொடை. இது பலருக்கும் தெரியும். விளைச்சலுக்கு வேறு கணக்கு: மழையாலோ தானாக ஓடிவரும் நீராலோ விளைந்தால் பத்தில் ஒன்று, இறைத்து ஊற்றி விளைவித்தால் இருபதில் ஒன்று. இதை முதன்முதலில் கேட்ட எங்கள் ஊர் வயல்காரர் ஒருவர், “இந்தச் சட்டத்தைப் போட்டவருக்கு மண்ணெண்ணெய்ச் செலவு தெரிஞ்சிருக்கு” என்றார். மானாவாரிக்காரன் ஆண்டவன் தந்ததில் கொடுக்கிறான், பம்ப் வைத்தவன் தன் முதுகு நோவைக் கழித்துவிட்டுக் கொடுக்கிறான். நியாயமான கணக்கு.

யூதர்களின் வேதம், வயலை ஓரம்வரை ஒட்ட அறுக்காதே என்கிறது. சிந்திய கதிரை எடுக்காதே. கட்டு ஒன்றை மறந்து விட்டுவந்தால் திரும்பிப் போகாதே. அது அந்நியனுக்கும் அநாதைக்கும் விதவைக்கும் உரியது. நாங்கள் கையால் வெட்டிச் சூடு மிதித்த காலத்தில் பின்னால் கதிர் பொறுக்க வருகிறவர்களை யாரும் கலைப்பதில்லை. அது எழுதாத சட்டம். இப்போது அறுவடை மெசின் வந்துவிட்டது, ஒரு பின்னேரத்தில் நாலு ஏக்கர் முடிந்து மூடை கட்டியாகிவிடும், பொறுக்க ஒன்றும் மிஞ்சாது. மெசினைக் குறை சொல்லவில்லை, நானும் அதைத்தான் பிடிக்கிறேன். ஆனால் கதிர் பொறுக்கி மூன்று மாத அரிசி சேர்த்த கிழவிக்கு யார் என்ன கொடுக்கிறார்கள் என்று எந்தச் சமய வகுப்பிலும் நான் கேட்டதில்லை, என் வகுப்பு உட்பட.

சைவத்தில் திருமூலர் கணக்கைச் சுருக்கிவிட்டார்: இறைவனுக்கு ஒரு பச்சிலை, பசுவுக்கு ஒரு வாயுறை, உண்ணும்போது பிறர்க்கு ஒரு கைப்பிடி, அதுவும் இல்லாவிட்டால் ஓர் இன்சொல். இல்லாதவனும் கொடுக்கக்கூடியது. இன்னொரு பாட்டில், கோயிலில் இருக்கும் கடவுளுக்குக் கொடுத்தது நடமாடும் மனிதருக்குப் போய்ச் சேராது, நடமாடும் மனிதருக்குக் கொடுத்தது கோயிலில் இருப்பவருக்கும் போய்ச் சேரும் என்கிறார். கோபுரத்துக்குப் பணம் சேர்க்கும் கூட்டங்களில் இந்தப் பாட்டை யாரும் பாடுவதில்லை.

கஞ்சி கொடுப்பது எல்லாச் சமயத்திலும் உண்டா?

பசித்தவனுக்கு உணவு கொடு என்பதில் விதிவிலக்கான சமயம் எதையும் நான் படித்ததில்லை. சீக்கியரின் குருத்வாராவில் லங்கர், சாதி சமயம் பார்க்காமல் ஒரே வரிசையில் தரையில் இருந்து சாப்பாடு. ரமழானில் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி. பௌத்தரின் வெசாக் பண்டிகையில் தன்சல், வீதியோர இலவச உணவுப் பந்தல். கோயிலில் அன்னதானம். “உண்டி கொடுத்தோர் உயிர்கொடுத் தோரே” என்று மணிமேகலை சொல்கிறது. அது பௌத்தக் காப்பியம், தமிழில் எழுதியது.

மே மாதம் 18ஆம் திகதியை ஒட்டிய நாட்களில் எங்கள் வீதியோரங்களில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சுவார்கள். அரிசி, தண்ணீர், உப்பு. 2009இல் போரின் கடைசி நாட்களில் பதுங்குகுழிக்குப் பக்கத்தில் வரிசையில் நின்று வாங்கிக் குடித்த அதே கஞ்சி. பஸ்ஸை மறித்து உள்ளே இருக்கிற எல்லோருக்கும் கொடுப்பார்கள், யார் எவர் என்று கேட்பதில்லை. அதே மாதத்தில்தான் பெரும்பாலும் வெசாக்கும் வருகிறது. ஒரே ஏ9 வீதியில் ஓரிடத்தில் கஞ்சி, இன்னோரிடத்தில் தன்சல். இரண்டிடத்திலும் வாங்கிக் குடித்த லொறிச் சாரதிகளை எனக்குத் தெரியும். அவர்கள் இதைப் பற்றி ஒன்றும் கதைப்பதில்லை.

புதிது புதிதாக விகாரை எழும்புகிறதே, நாங்கள் எப்படிப் பஞ்சசீலத்தை மதிப்போடு படிப்பது?

கோபத்தில் நியாயம் இருக்கிறது. முல்லைத்தீவில் குருந்தூர்மலையிலும் நீராவியடியிலும் விகாரை தொடர்பாக நடந்தவை காணிப் பிரச்சினை, அதிகாரப் பிரச்சினை. நீதிமன்றத்துக்குப் போயிருக்கின்றன, அங்கேதான் போகவும் வேண்டும். ஆனால் கொல்லாதே என்று சொன்னவர் புத்தர், வேலி போட்டவர் அவர் அல்ல. தமிழர் பௌத்தராக இருந்த காலமும் உண்டு. வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரித்து நாங்கள் கும்பிடும் கண்ணகியைச் சிங்களவர் பத்தினித் தெய்யோ என்று கும்பிடுகிறார்கள். மடு மாதா கோயிலுக்கு ஓகஸ்ட் 15 திருவிழாவில் தமிழரும் சிங்களவரும் ஒரே காட்டுக்குள் கூடாரம் அடிக்கிறார்கள். காணிக்கு வழக்குப் போட்டுக்கொண்டே தம்மபதம் வாசிக்கலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

“மன்னித்து மறந்துவிடு” என்பதுதானே எல்லாச் சமயத்தின் பொது அறம்?

இதை எங்களிடம் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் எதையும் இழக்காதவர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

யூத மரபில் ஒருவன் கடவுளுக்குச் செய்த பிழைக்குப் பாவப்பரிகார நாள் பரிகாரம் தரும்; இன்னொரு மனிதனுக்குச் செய்த பிழைக்கு, அந்த மனிதனிடம் போய் அவனைச் சமாதானப்படுத்தாதவரை தராது. இஸ்லாத்தில் தீங்குக்கு அதே அளவு ஈடு கேட்கப் பாதிக்கப்பட்டவருக்கு உரிமை உண்டு. விட்டுக்கொடுத்தால் கூலி இறைவனிடம். ஆக, மன்னிப்பது பாதிக்கப்பட்டவர் கையில் இருக்கிறது, அரசாங்கத்தின் கையில் இல்லை. இயேசு எழுபது தரம் ஏழு என்றார், உண்மை. ஆனால் லூக்கா 17இல் உன் சகோதரன் பிழை செய்தால் கண்டி, மனம் வருந்தினால் மன்னி என்று வரிசை வைத்திருக்கிறார். மத்தேயு 5இல், காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் உன்மேல் மனக்குறை உள்ளவனோடு ஒப்புரவாகு என்கிறார். பூசையை நிறுத்திவிட்டுப் போ என்கிற அளவுக்கு அது முக்கியம்.

குறள் மட்டும் “மறத்தல் அதனினும் நன்று” என்று சொல்வதுபோல் இருக்கும் (152). நான் இதைப் படிப்பிக்கும்போது நா தடுமாறும். தனக்குச் செய்த தீங்கைத் தானே மறப்பது ஒன்று. இன்னொருவரின் பிள்ளையைப் பற்றி “மற” என்று சொல்வது வேறு. பகையைப் பகையால் தணிக்க முடியாது என்ற தம்மபதத்தின் 5ஆவது பாட்டும் பகையை விடத்தான் சொல்கிறது, கேள்வியை விடச் சொல்லவில்லை.

கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் போராட்டம் தொடங்கினார்கள். அவர்களில் சைவரும் உண்டு, கிறிஸ்தவரும் உண்டு. பிள்ளை எங்கே என்று கேட்டார்கள். பதில் வராமலே பலர் இறந்துவிட்டார்கள். நான் மேலே எண்ணிய வேதங்களில் ஒன்றுகூட அவர்கள் கேட்டதைப் பிழை என்று சொல்லவில்லை.

உயிரைக் காப்பாற்றப் பொய் சொல்லலாமா?

குறள் 292 சொல்லலாம் என்கிறது: குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வரும். பார்வோன் ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்னபோது எபிரேய மருத்துவிச்சிகள் அவனிடம் சாட்டுச் சொல்லித் தப்பவைத்தார்கள், யாத்திராகமத்தில் கடவுள் அவர்களுக்கு நன்மை செய்தார். சோதனைச் சாவடிகளில் பொய் சொன்ன தாய்மார் யாரும் இதற்காகப் பாவமன்னிப்புத் தேடத் தேவையில்லை என்பது என் எண்ணம். களத்தில் நெல் நிறுக்கிறபோது சொல்லும் பொய்க்கு இந்தக் குறளை இழுக்க வேண்டாம்.

சமயத் தலைவர்கள் எப்போதாவது கூடி இதை எழுதி வைத்தார்களா?

வைத்தார்கள். 1893இல் சிக்காகோவில் சர்வமத மகாசபை கூடியது. விவேகானந்தர் பேசியதால் எங்களுக்கும் தெரியும். அதன் நூற்றாண்டுக்கு 1993இல் அதே நகரில் மறுபடி கூடி, உலகளாவிய அறத்துக்கான பிரகடனம் ஒன்றை வெளியிட்டார்கள். அதன் வரைவை எழுதியவர் ஹான்ஸ் கூங், சுவிற்சர்லாந்துக் கத்தோலிக்க இறையியலாளர். 1979இலேயே வத்திக்கான் அவருக்குக் கத்தோலிக்க இறையியல் படிப்பிக்கும் அனுமதியை எடுத்துவிட்டது. சொந்த வீட்டில் இடம் கிடைக்காதவர்தான் எல்லோருக்கும் பொது வீடு கட்ட வெளிக்கிட்டார்.

அதில் நான்கு கடப்பாடுகள்: உயிருக்கு மதிப்பு, நியாயமான பொருளாதாரம், உண்மையும் சகிப்பும், ஆண் பெண் சமத்துவம். 2018இல் ஐந்தாவதாகப் பூமியைப் பேணுவதைச் சேர்த்தார்கள். ஆற்று மணலை இரவோடிரவாக ஏற்றும் ரிப்பர் லொறிகளைப் பார்க்கிற எங்களுக்கு அந்த ஐந்தாவது தூரத்து விஷயம் இல்லை. நாலாவதைச் சமயத் தலைவர்களே கையெழுத்திட்டது நல்லது. ஆனால் எங்கள் கோயில், தேவாலய, பள்ளிவாசல் நிர்வாகக் கூட்டங்களில் எத்தனை பெண்கள் கதிரையில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். விரல்கள் மிஞ்சும்.

கடவுளை நம்பாதவருக்கு இந்த அறம் பொருந்துமா?

பொருந்தும். எங்கள் ஊரில் வாய்க்கால் தண்ணீரை முறைப்படி விட்டவர்களில் மிகச் சரியாக நடந்தவர் கோயில் பக்கமே போகாத ஒரு இடதுசாரி. சிறுபோகத்தில் கடைசி வயலுக்கும் தண்ணீர் போய்ச் சேரும்வரை துருசடியில், தண்ணீர் திறக்கும் மதகடியில், நிற்பார்.

முறிகண்டியில் தேங்காய் உடைக்காமல் போனால் பாவமா?

பாவமில்லை. அது வழக்கம். எந்தச் சமயத்துச் சாரதியும் அங்கே நிறுத்துவார், கச்சான் வாங்குவார். வேகத்தைக் குறைத்து ஓடுவதுதான் பிள்ளையாருக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய காணிக்கை.

மற்றச் சமயத்துப் பிள்ளைகள் எங்கள் வீட்டுப் பொங்கலைச் சாப்பிடலாமா?

அதிகமாகக் கேட்கப்படுவது இதுதான், தைப்பொங்கல் கிழமையில் தவறாமல் வரும். முஸ்லிம் வீடுகளில் படைத்த உணவைப் பெரும்பாலும் உண்ணமாட்டார்கள். அது அவர்கள் மார்க்கத்தின் விலக்கு, உங்களை இழிவாக நினைத்து அல்ல. கிறிஸ்தவர்களில் சிலர் உண்பார்கள், சிலர் மாட்டார்கள். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே இதே கேள்வி வந்திருக்கிறது, அப்போதும் ஆளுக்கு ஆள் வேறுபாடுதான். எங்களில் மச்சம் சாப்பிடாதவர்கள் அவர்கள் பெருநாள் சாப்பாட்டில் எதைத் தொடமாட்டார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரிய வேண்டும். எனவே முதலில் கேளுங்கள், சங்கடப்படாமல். பிறகு படைக்க முன்பே சின்னப் பானை ஒன்றில் கொஞ்சத்தை எடுத்துத் தனியாக மூடி வையுங்கள். என் வீட்டில் அந்தப் பானைக்கு “வேப்பமரத்தடிப் பானை” என்று பெயர். பிள்ளைகள் பின்னேரம் வந்தால் கஜு முழுவதும் அதற்குள்தான் போயிருக்கும்.